பள்ளியில் சங்கப் பொறுப்பு உங்களுக்கு வந்துவிட்டதா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைக் கூட்டத்தில் "உங்க ஸ்கூலுக்கு நீங்களே இருங்க சார், நீங்கதான் நல்லாப் பேசுவீங்க" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சரி என்பார்கள், நீங்கள் பள்ளிப் பொறுப்பாளர் ஆகிவிடுவீர்கள். என்ன செய்யவேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை ஒன்றியங்களின் கடலோரப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுவதால் சில விஷயங்கள் எங்கள் பக்கத்துக்கே உரியவையாக இருக்கும்.

நன்றாகப் பேசுவது இந்தப் பொறுப்புக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. மேடையில் பேச மாவட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளியில் இருப்பவருக்குத் தாள் வேலைதான் அதிகம். யாருக்கு எது எப்போது வரவேண்டும், எது வராமல் நிற்கிறது, எந்தத் தேதியில் யாரிடம் எழுதிக் கொடுத்தோம், பதில் வந்ததா இல்லையா என்பதைக் கையில் வைத்திருப்பவர்தான் நல்ல பொறுப்பாளர். அதிர்ந்து பேசாத ஒரு டீச்சர் இதைப் பிரமாதமாகச் செய்வார்.

முதல் வேலை, ஒரு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பணியில் சேர்ந்த தேதி, நியமன ஆணை எண், பணிவரன்முறை (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை) ஆகிவிட்டதா, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை வந்துவிட்டதா, வருடாந்திர ஊதிய உயர்வு எந்த மாதம், 10 ஆண்டு முடிந்து தேர்வுநிலை ஊதியம் எப்போது, 20 ஆண்டு முடிந்து சிறப்புநிலை ஊதியம் எப்போது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1.4.2003க்கு முன் சேர்ந்தவரா பின் சேர்ந்தவரா என்பதைக் கட்டாயம் குறியுங்கள், ஏனென்றால் பழைய ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பது அந்தத் தேதியில்தான் பிரிகிறது. இடைநிலை ஆசிரியர் என்றால் 1.6.2009க்கு முன்னா பின்னா என்றும் கேளுங்கள், பின் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் குறைவு. அடுத்தடுத்த வகுப்பறையில் நின்று ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேருக்கு அடிப்படை ஊதியத்தில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று தெரியாமல், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடுபவர்களிடம் போய் நீங்கள் எதுவும் பேச முடியாது.

அப்புறம் பணிப்பதிவேடு. எஸ்.ஆர். புத்தகத்தைப் பல வருடமாகத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் அறையிலேயே இருக்கும். எங்கள் பக்கம் பலர் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு ஒன்றியத்திலிருந்தோ மாறுதலில் வந்தவர்கள். அப்படி வந்தவருடைய பதிவேட்டில் நடுவில் ஒரு வருடத்துக்குப் பணிச் சரிபார்ப்பு குறிப்பு இருக்காது. மருத்துவ விடுப்பு எடுத்தது ஏறியிருக்கும், அதை அனுமதித்த ஆணை எண் ஏறியிருக்காது. கூடுதலாகப் படித்த பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று அலமாரியில் எங்கோ கிடக்கும், பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. இன்று அரை மணி நேரத்தில் எழுதி வாங்கிவிடலாம். விட்டுவிட்டால், ஓய்வு பெறுகிற வருடம் ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்போது, இருபது வருடத்துக்கு முன் வேலை பார்த்த ஊரில் போய் யாரையும் தெரியாமல் நிற்கவேண்டும். ஒரு பொறுப்பாளர் முதல் வருடத்தில் இது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து முடித்தாலே போதும் என்பேன்.

ஒருவர் குறையோடு வந்தால்

கேளுங்கள். பாதியில் குறுக்கிட்டு "விடுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: வாய்மொழியாகச் சொன்னார்களா, எழுத்தில் கொடுத்தார்களா? எந்தத் தேதி? நீங்க என்ன நடக்கணும்னு எதிர்பார்க்கிறீங்க? மூன்றாவது கேள்விதான் முக்கியம். சிலருக்கு மனக்குறையைச் சொல்லிவிட்டால் போதும், மேலே எதுவும் வேண்டாம். அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் புகாராக்கிவிட்டால் அந்தப் பள்ளியில் தினமும் முகம் பார்த்து வேலை செய்யவேண்டியவர் அவர்தான். யார் என்ன சொன்னார்கள் என்பதை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட போடாதீர்கள், பெயர் போடாமலும் போடாதீர்கள், ஆறு பேர் இருக்கிற பள்ளியில் பெயர் எதற்கு?

ஆணாக இருந்தால் உங்களோடு ஒரு பெண் ஆசிரியரையும் துணைப் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, மகப்பேறு விடுப்பு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்பதையெல்லாம் உங்களிடம் வந்து சொல்லத் தயங்குவார்கள். மகப்பேறு விடுப்பு 1.7.2021 முதல் 12 மாதம், அது யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா, உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். புகார் வந்தபிறகு போய்த் தேடக்கூடாது.

தலைமையாசிரியரிடம் பேசுவது

கால அட்டவணை, மாற்று வகுப்பு, தற்செயல் விடுப்பு மறுப்பு, ஒருவர் மேலேயே எல்லாப் பதிவேடும் சுமத்துவது போன்ற முக்கால்வாசிப் பிரச்சினை தலைமையாசிரியர் அறையிலேயே முடியும், முடியவும் வேண்டும். ஆசிரியர் ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு, "ஹெச்.எம். சார், ஒரு பத்து நிமிஷம்" என்று உட்கார்ந்து பேசுங்கள். அவரும் ஆசிரியர்தான், அவரும் ஏதோ ஒரு சங்கத்தில் இருப்பார், அது உங்கள் சங்கமாகவே இருக்கலாம், அவருக்கும் மேலிருந்து எமிஸ் (கல்வித்துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு ஏன் முடியவில்லை என்று போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். வேறு சங்கத்துக்காரர் என்பதற்காகவே எதிர்ப்பது நம்மிடையே இருக்கிற கெட்ட பழக்கம். ஒரே பள்ளியில் மூன்று சங்கம் இருந்தால் மூன்று பொறுப்பாளரும் சேர்ந்து உள்ளே போங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

உதவிபெறும் பள்ளி என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. சம்பளம் அரசு தருகிறது, நியமனமும் நடவடிக்கையும் பள்ளிச் செயலர் கையில். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஊரிலும் பெரியவர்களாக இருப்பார்கள். அங்கே எதையும் வாய்மொழியாக விடாதீர்கள், மரியாதையோடு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எழுத்தில் கொடுப்பது

ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம். அனுப்புநர், பெறுநர், வழி, பொருள், பார்வை (எந்தச் சட்டம், ஆணை, கடிதத்தைக் காட்டுகிறோம் என்பது), பிறகு நான்கைந்து வரி, கடைசியில் என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக. "ஆவன செய்யுமாறு" என்று எழுதினால் எதுவும் நடக்காது. "ஏப்ரல் மாத ஊதிய உயர்வை அனுமதித்து நிலுவையை வழங்குமாறு" என்று எழுதுங்கள். உரிய வழியாகத்தான் போகவேண்டும்: தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். ஒரு படியைத் தாண்டினால் திருப்பி அனுப்ப அதுவே காரணம் ஆகிவிடும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போடவேண்டாம், ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் அசைவில்லையா? முதலில் குறைதீர் நாளில் நேரில் கேளுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தரவேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், "இந்தத் தேதியிட்ட என் விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். கோப்பு தானாக நகரும்.

அலுவலகம் போகிற வேலையை எல்லாம் சாயங்காலத்திலோ விடுமுறை நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். சங்க வேலை என்று வகுப்பை விட்டுவிட்டுப் போகும் பொறுப்பாளருக்குப் பள்ளியிலும் மதிப்பில்லை, ஊரிலும் மதிப்பில்லை.

ஈராசிரியர் பள்ளிக் கணக்கு

கடலோரத்தில் அடிக்கடி வரும் பிரச்சினை இது. 52 பிள்ளைகள் இருக்கும் தொடக்கப்பள்ளி, தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆள் இல்லை என்று உதவி ஆசிரியரை மாற்றுப் பணியில் அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு, காலை உணவு, சத்துணவு, எமிஸ், வங்கி வேலை எல்லாம் பார்க்கவேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் பூட்டு.

இங்கே விண்ணப்பத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு வேலைப்பளு அதிகம்" என்று எழுதினால் எல்லோருக்கும்தான் அதிகம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையைப் பார்வையில் போடுங்கள். முதல் ஐந்து வகுப்புக்கு 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று அதில் இருக்கிறது. எமிஸில் உள்ள அன்றைய தேதி மாணவர் எண்ணிக்கையை வகுப்புவாரியாக இணையுங்கள். "இப்பள்ளியின் 52 குழந்தைகளுக்கும் சட்டப்படி இருக்கவேண்டிய இரண்டாவது ஆசிரியர் இல்லை" என்று எழுதுங்கள். அதே தாளை வைத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்து சேர்ந்தால் அந்தத் தாளுக்கு வருகிற கனமே வேறு.

இதோடு சேர்ந்தது பணி நிரவல், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் ஆகிறது. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்தச் சமயத்தில் வெளியூருக்குப் பிழைக்கப்போன குடும்பங்கள் சில பள்ளி திறந்து வாரக்கணக்கில் ஆனபிறகுதான் திரும்பும். பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், பதிவில் இருக்கமாட்டார்கள். ஜூன் கடைசியிலேயே குடியிருப்புக்குள் ஒரு நடை போய், யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளை அம்மாவோடு பாசி எடுக்கப் போகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்த மாதிரியும் ஆச்சு, ஓர் ஆசிரியர் உபரி ஆகாமல் நின்ற மாதிரியும் ஆச்சு. இதைச் சங்க வேலை என்று பலர் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

வேறு பணிகளுக்கு இழுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே புயல் நேரத்தில் பள்ளியை முகாம் ஆக்கி நம்மை நிற்கச் சொன்னால் நிற்கவேண்டியதுதான், மறுக்கக்கூடாது, மறுக்க மனமும் வராது. எழுத்துபூர்வமான ஆணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் அடங்காத வேலை என்றால் ஆணை எங்கே என்று பணிவாகக் கேளுங்கள்.

மெமோ வந்தால்

ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்றால் சிறு தண்டனைக்கானது, கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்றவை. 17(பி) பெரிய தண்டனைக்கானது, விசாரணை அலுவலர் வருவார், சாட்சி விசாரணை நடக்கும், பணிநீக்கம் வரை போகலாம். மெமோவை வாங்க மறுப்பதும், கோபத்தில் அன்றைக்கே பதில் எழுதுவதும் வேண்டாம். வாங்கிக்கொண்டு வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு, எந்த நாளுக்குள் விளக்கம் என்று பாருங்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலைக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள், நேரம் போதவில்லை என்றால் கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேளுங்கள். விளக்கத்தில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் வரவேண்டும், அதிகாரியைப் பற்றி ஒரு சொல் கூடாது. 17(பி) என்றால் நீங்களே எழுதித் தராதீர்கள், அன்றே வட்டார, மாவட்ட நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். அவர்கள் இது போன்றவற்றை நிறையப் பார்த்தவர்கள். அந்த வாரம் முழுக்க அந்த ஆசிரியரோடு மதியம் ஒன்றாகச் சாப்பிடுங்கள். மெமோ வாங்கியவரைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்குவதுதான் அவரை அதிகம் நோகடிப்பது.

எங்கே நிற்கக்கூடாது

இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. ஒரு குழந்தையிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தார் என்று ஓர் ஆசிரியர் மேல் பேச்சு வந்தால், அவர் உங்கள் உறுப்பினராக இருந்தாலும், உங்கள் சங்கத்தின் தூணாகவே இருந்தாலும், "பள்ளிக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவிக்காமல் இருப்பது தனிக் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது, அதை அவர் பார்த்துக்கொள்வார். சங்கம் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசக்கூடாது, யாரையும் போகவும் விடக்கூடாது.

அடிப்பதும் அப்படித்தான். "நாங்க எல்லாம் அடிவாங்கித்தான் படிச்சோம்" என்று பெற்றோரே சொன்னாலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. அடித்துவிட்டு வந்த உறுப்பினரிடம் அதை நேராகச் சொல்லுங்கள், அப்புறம் அவரோடு சேர்ந்து தலைமையாசிரியரையும் அழைத்துக்கொண்டு பெற்றோரைப் பார்க்கப் போங்கள். ஊர்த் தலைவரோ ஜமாஅத்தோ பங்குத்தந்தையோ முன்னால் உட்கார்ந்து பேசவேண்டி வரும். அங்கே முதலில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். வருத்தம் தெரிவிக்கவேண்டியதைத் தெரிவியுங்கள். சட்டம் பேசி ஊரை மிரட்டுகிற பொறுப்பாளரால் அந்தப் பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

ஊரோடு இருப்பது என்றால் இன்னும் ஒன்று. பாக் நீரிணையில் படகு பிடிபட்டு ஊர்க்காரர்கள் இலங்கைச் சிறையில் இருக்கும் நாள்களில் ஊரே வேலைநிறுத்தத்தில் இருக்கும். அன்றைக்கு நம் அகவிலைப்படிக்கு வாசலில் முழக்கம் போடுவது அழகல்ல. தள்ளிவையுங்கள். அப்பா சிறையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போராட்டம்

ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், வேலைநிறுத்தம் மூன்றும் ஒன்றல்ல, பின்விளைவும் ஒன்றல்ல. 2003 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இருந்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர், ஆசிரியர்களை அரசு ஒட்டுமொத்தமாகப் பணிநீக்கம் செய்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின்போதும் கைது, தற்காலிகப் பணிநீக்கம் எல்லாம் நடந்தன. இதை மறைத்து ஆள் சேர்க்காதீர்கள். சம்பளம் பிடிப்பார்கள், மெமோ வரலாம் என்று உள்ளதைச் சொல்லி, தகுதிகாண் பருவத்தில் இருப்பவரிடம் தனியாக இன்னும் தெளிவாகச் சொல்லி, முடிவை அவரவரிடம் விடுங்கள். எல்லாம் தெரிந்து வருகிற பத்துப் பேர்தான் கடைசி நாள் வரை நிற்பார்கள். வராதவரை மறுநாள் கேலி பேசவும் கூடாது. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் பேசுவதை மாவட்ட நிர்வாகிகளிடம் விடுங்கள், அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 உங்களுக்கும் பொருந்தும்.

பணமும் மாறுதலும்

சந்தா வாங்கிய அன்றே ரசீது, வாரத்துக்குள் வட்டாரப் பொருளாளர் கணக்கில் கட்டிவிடுங்கள். உங்கள் சொந்த ஜிபே எண்ணில் சங்கப் பணம் வாங்காதீர்கள். மாறுதலுக்கு "யாரையாவது பாத்துப் பேசி முடிச்சுக் குடுங்க" என்று கேட்டு வருவார்கள், பாவமாகவும் இருக்கும், மதுரைக்கு அந்தப் பக்கம் குழந்தையை விட்டுவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அவர்கள். மாறுதல் கலந்தாய்வு விதிகளைப் படித்துச் சொல்லுங்கள், முன்னுரிமைச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுங்கள், காலியிடப் பட்டியலில் மறைத்த இடம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஒருமுறை போனால் அதற்கப்புறம் நீங்கள் பொறுப்பாளர் இல்லை, தரகர்.

இப்போது எல்லோரும் கேட்பது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித்தான். 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில் ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும், 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேறவேண்டும். இருபது வருடம் பாடம் நடத்தியவர்களைத் தேர்வு எழுதச் சொல்வதில் எல்லோருக்கும் வருத்தம் இருக்கிறது, சங்கங்கள் அதற்காக வாதாடுவது நியாயம். ஆனால் "ஒண்ணும் ஆகாது, படிக்காதீங்க" என்று எந்த உறுப்பினரிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நோட்டை எடுத்து யார் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்று குறித்து, சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் சேர்ந்து படிக்க ஓர் இடம் ஏற்பாடு செய்து கொடுங்கள். கணக்குக்குப் பயப்படும் மூத்த டீச்சருக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியாரை உட்காரவையுங்கள்.

கடைசியாக, நீங்களும் ஒருநாள் மாறுதலில் போவீர்கள், எங்கள் பக்கத்தில் அது சீக்கிரமே நடக்கும். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதே அடுத்தவர் யார் என்று உறுப்பினர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள், முத்திரை போட்ட நகல்கள், சந்தாக் கணக்கு, யாருக்கு எந்த மாதம் என்ன வரவேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ரகசியமாகச் சொன்ன குறைகளை எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள், சொன்னவர் அனுமதித்தால் தவிர.